எப்பொழுதும் சந்தோஷமாக இருக்க முடியாதது விசுவாசக் குறைவா?

கடிதத்தின் சுருக்கம்

திருவாரூர் மாவட்டத்திலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு வயது 43. பிறந்தது தரங்கம்பாடிப் பக்கத்தில் ஒரு லுத்தரன் குடும்பம். வாழ்க்கைப்பட்டது கத்தோலிக்கக் குடும்பத்தில். சொந்த நிலம் ஒரு ஏக்கர், குத்தகை இரண்டரை ஏக்கர். தொடர்ந்து இரண்டு வருடம் சம்பா அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டதில் சாய்ந்த கதிர் தண்ணீரிலேயே முளைத்துவிட்டது. மிஞ்சிய நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று சொல்லிவிட்டார்கள். காயவைக்கக் காயவைக்க மறுபடி தூறல். கூட்டுறவு சங்கத்தில் நகைக்கடன், இரண்டு மகளிர் குழுக் கடன், வெளியில் வட்டிக்கு வாங்கிய 60,000 ரூபாய். மகள் நர்சிங் இரண்டாம் ஆண்டு. வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்த மாமியார் இறந்து எட்டு மாதம் ஆகிறது. “அவங்களுக்காக உட்கார்ந்து அழக்கூட நேரம் கிடைக்கலை” என்கிறார்.

மூன்று மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. சாப்பாடு இறங்கவில்லை. சிறு வயதிலிருந்து பாடிய பாட்டுகள்கூட உள்ளே எதையும் அசைப்பதில்லை. அரசு மருத்துவமனையில் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரம் சாப்பிட்ட பிறகு, வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு அழைத்துப்போகும் தோழி, “மாத்திரையை நம்பினா கர்த்தரை நம்பலைன்னு அர்த்தம்” என்று சொல்ல, நிறுத்திவிட்டார். நிறுத்திப் பத்து நாள் ஆகிறது. தலைச்சுற்றல், தலைக்குள் கரண்ட் அடித்ததுபோல் ஓர் உணர்வு. ஏற்கெனவே சர்க்கரைக்கும் மாத்திரை உண்டு. இப்போது 21 நாள் உபவாசம் இருக்கச் சொல்கிறார்கள். 10,000 ரூபாய் காணிக்கை தருவதாகவும் கூட்டத்தில் பொருத்தனை செய்துவிட்டார். கணவர் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். “சில நாள் விடியாமலே போயிட்டா தேவலைன்னு தோணுது. ‘எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்’னு வேதத்துல இருக்கே, அப்ப நான் செய்யறது பாவமா? சந்தோஷமும் சமாதானமும் எனக்கு எப்படிக் கிடைக்கும்?” என்று கேட்டிருக்கிறார்.

பதில்

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது வேதத்தைப் பற்றிய கேள்வி. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் இந்த வாரத்துக்குள் முடிக்க வேண்டிய மூன்று காரியங்கள் இருக்கின்றன.

விடியாமலே போனால் தேவலை என்ற எண்ணத்தை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். கணவரிடம் முடியாவிட்டால் உங்கள் அக்காவிடம். அந்த எண்ணம் பலமாக வரும் வேளையில் தனியாக இருக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவை இரவு பகலாக இருக்கிறது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவ உதவி எண்ணான 104-க்கும் அழைக்கலாம். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து, களைக்கொல்லி எதுவும் வீட்டிலோ திண்ணையிலோ இருந்தால் வெளியேற்றிவிடுங்கள். உறவினர் வீட்டில் பூட்டிவைத்து, சாவியும் அவர்களிடமே இருக்கட்டும். உங்களுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பேச்சையே நிறுத்திவிட்ட உங்கள் கணவரையும் மனதில் வைத்துத்தான் சொல்கிறேன். இப்படிப்பட்ட எண்ணம் அலைபோல் எழும்பி அடங்கக்கூடியது. அது உச்சத்தில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் இருந்தாலே பல உயிர்கள் தப்பிவிடுகின்றன.

அடுத்தது மாத்திரை. தலைச்சுற்றலும் கரண்ட் அடிப்பது போன்ற உணர்வும் மாத்திரையைத் திடீரென நிறுத்தியதால் வருபவை. அது சாத்தானின் போராட்டம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பத்து நாள் விட்டுப்போனதால் பழைய அளவை நீங்களாகவே தொடங்காமல், மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு அதே மருத்துவரிடம் போங்கள். “ஏன் நிறுத்தினே?” என்று ஒரு வார்த்தை கேட்பார், நடந்ததைச் சொல்லிவிடுங்கள். இந்த மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். முழுப் பலன் தெரிய ஆறு, எட்டு வாரம்கூட ஆகலாம். நீங்கள் நிறுத்தியது, பலன் தெரிய ஆரம்பிக்கும் நேரத்தில். குணமான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடரச் சொல்வார்கள்; நிறுத்தும்போது படிப்படியாகக் குறைப்பார்கள். போகிற அன்றைக்கே தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12 பரிசோதனைகளையும் கேளுங்கள். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே சோர்வுதான் வரும். மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர் வட்ட மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட கிழமைகளில் வருவார். எந்தக் கிழமை என்று விசாரித்துவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம்.

மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்ற பேச்சுக்கு வேதத்தில் ஆதாரம் கிடையாது. எசேக்கியா ராஜா மரணத் தறுவாயில் இருந்தபோது அவர் ஜெபமும் கேட்கப்பட்டது, ஏசாயா அத்திப்பழ அடையைப் புண்ணின்மேல் பற்றுப்போடவும் சொன்னார். இரண்டும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. அப்போஸ்தலன் பவுலோடு கூடவே பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். உங்கள் மாமியார் வைத்திருந்த கத்தோலிக்க வேதாகமத்தில் சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள்: மருத்துவரை மதிக்கச் சொல்கிறது, மண்ணிலிருந்து மருந்துகளைப் படைத்தவர் ஆண்டவரே என்கிறது. அதே தோழி சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். மூளையும் கணையத்தைப் போல ஓர் உறுப்புதான்.

மூன்றாவது, உபவாசம். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு 21 நாள் உபவாசம் இருப்பது உங்களுக்குக் கூடாது. சில மாத்திரைகள் வெறும் வயிற்றில் சர்க்கரையை 70-க்குக் கீழே இறக்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கண் மங்கல், பேச்சுக் குழறல் வரும். ஜெபக்கூட்டத்தில் இப்படி ஒருவர் சரிந்தால் அதைப் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்று நினைத்துவிடும் அபாயமும் இருக்கிறது. அந்த நேரத்தில் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையே சாம்பல் புதன், பெரிய வெள்ளி நோன்பை 18 முதல் 59 வயது வரை ஆரோக்கியமாக இருப்பவர்களுக்குத்தான் கட்டாயமாக்கியிருக்கிறது. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. உபவாசம் என்றால் எதைக் கர்த்தர் கேட்கிறார் என்று ஏசாயா 58 சொல்கிறது: நுகத்தடியை உடைப்பதும் பசித்தவனோடு ஆகாரத்தைப் பகிர்வதும். அதற்கு வயிற்றைக் காயப்போட வேண்டியதில்லை.

அந்த வசனம் எங்கே எழுதப்பட்டது?

இப்போது உங்கள் கேள்வி. மனச்சோர்வு பாவமில்லை. இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

சந்தோஷமாயிருங்கள் என்று பவுல் திரும்பத் திரும்பச் சொல்வது பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில். அவர் அப்போது காவலில் இருந்தார். இதைப் பிரசங்கத்தில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை எத்தனை பேர் வாசித்துக் காட்டியிருப்பார்கள்? எப்பாப்பிரோதீத்து என்ற நண்பர் சாகும் நிலையில் வியாதிப்பட்டுப் பிழைத்ததைச் சொல்லிவிட்டு, தமக்குத் ‘துக்கத்தின்மேல் துக்கம்’ வராதபடி தேவன் இரங்கினார் என்று பவுல் எழுதுகிறார். அடுத்த வசனத்திலேயே தம் மனபாரம் குறைய வேண்டும் என்கிறார். சந்தோஷப்படச் சொன்னவரின் நெஞ்சில் அப்போதே துக்கம் இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை, அதற்காக மன்னிப்பும் கேட்கவில்லை. நான்காம் அதிகாரத்தில் மனரம்மியமாக இருக்கத் தாம் ‘கற்றுக்கொண்டேன்’ என்கிறார். பிறவியிலேயே வந்த குணம்போல அவர் பேசவில்லை. அதற்கு அடுத்த சில வசனங்களில், தம் உபத்திரவத்தில் பணமும் பொருளும் அனுப்பி உதவியதற்காகப் பிலிப்பி சபையாரைப் பாராட்டுகிறார். கிறிஸ்தவ மகிழ்ச்சிக்குப் பேர்போன இந்த நிருபம் ஒரு நன்றிக் கடிதமும்கூட. பணமும் பொருளும் உறவும் அதற்குள் இருக்கின்றன. அந்த மகிழ்ச்சியைத் தனியாக ஒருவர் மனதுக்குள் உற்பத்தி செய்ய வேண்டிய உணர்ச்சியாக மாற்றியது பிற்காலத்து வழக்கம்.

எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றார். நீங்கள் எழுதிய அதே வாக்கியம்தான். தூதன் வந்து அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பாடு. தேவன் அவரிடம் பேசியது அதற்கெல்லாம் பிறகு. தூக்கமும் ஆகாரமும் முதலில், போதனை பின்னால். உங்கள் வைத்தியத்துக்கும் இந்த வரிசைதான்.

இயேசுவே கெத்செமனேயில் தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கம் கொண்டிருப்பதாகச் சீடர்களிடம் வாய்விட்டுச் சொன்னார், கூடவே விழித்திருக்கும்படி கேட்டுக்கொண்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள், அது வேறு விஷயம். அவருக்கே துணை தேவைப்பட்டது.

மாமியாருக்காக அழ நேரமில்லை என்றீர்களே, அதையும் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார். பங்குக் கோயிலில் மாமியாருக்காக ஒரு பூசைக்கு எழுதிக் கொடுங்கள். கல்லறைக்குப் போக, கல்லறைத் திருநாளான நவம்பர் 2-ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டாம். ஒரு சாயங்காலம் மெழுகுவத்தியோடு போய் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அழுகை வந்தால் வரட்டும்.

புலம்பலை ஜெபமாக்குவது எப்படி

சங்கீதங்கள் 150-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். கத்தோலிக்கர் திருப்பாடல்கள் என்று சொல்லும் அதே புத்தகம். 88-ஆவது இருளிலேயே முடிந்துவிடுகிறது. கடைசி வரியில்கூட ஆறுதல் இல்லை. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு நான் பரிந்துரைப்பது 13-ஆவது. ஆறே வசனம். முதல் இரண்டு வசனம் முறையீடு, அடுத்த இரண்டு வேண்டுதல், கடைசி இரண்டு நம்பிக்கை.

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டு வேலை முடிந்து, மகளும் கணவரும் கிளம்பிய பிறகு பத்து நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், பத்துக்கு மேல் வேண்டாம். முதலில் முறையீடு: “ஆண்டவரே, ரெண்டு வருஷமா அறுப்பு அன்னைக்குத்தான் மழை அனுப்புறீர். கதிர் முளைச்சுக் கிடந்தப்ப நீர் எங்கே இருந்தீர்? அத்தையையும் எடுத்துக்கிட்டீர்.” நாகரிகமான வார்த்தை தேட வேண்டாம். பிறகு வேண்டுதல், இந்த வாரத்துக்கான ஒன்றே ஒன்று: “வியாழக்கிழமை குழுத் தவணைக்கு 1,800 ரூபாய் வேணும்.” உலக சமாதானம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது பகுதி நம்பிக்கை. மனதில் இல்லாவிட்டால் எழுத வேண்டாம்; “இன்னைக்கு இந்தப் பகுதி காலி” என்று எழுதி மூடிவிடுங்கள். ஒரு வாரம் காலியாகவே இருக்கலாம். ஆபகூக் தீர்க்கதரிசி, வயல் தானியம் விளைவியாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்று பாடியது மூன்றாம் அதிகாரத்தில். முதல் அதிகாரத்தில் அவர், எதுவரைக்கும் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

இதில் பலரும் தடுக்கி விழும் இடங்கள் உண்டு. இரவு படுக்கையில் எழுதினால் ஜெபம் கவலையாகத் திரும்பிவிடும், தூக்கம் போய்விடும். முதல் பகுதியைத் தாண்டி நேராக ஸ்தோத்திரத்துக்குப் போனால் பொய் சொன்ன உணர்வு வந்து, நான்காம் நாள் நோட்டு மூலைக்குப் போய்விடும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, முறையீடு தன்னைத்தானே திட்டுவதாக மாறுவது. எழுதிய பக்கத்தை ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு வரியும் யாரிடம் பேசுகிறது? ஆண்டவரிடம் பேசினால் அது ஜெபம், எவ்வளவு கோபமாக இருந்தாலும். “நான் உதவாக்கரை, என்னாலதான் எல்லாம்” என்று உங்களிடமே பேசிக்கொண்டிருந்தால் அது மனச்சோர்வின் குரல். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, அந்த வரியையே “ஆண்டவரே, என்னாலதான்னு தோணுது, நீர் என்ன சொல்றீர்?” என்று திருப்பி எழுதுங்கள்.

மூன்று மணி விழிப்புக்கு வேறு வழி. இருபது நிமிடம் போலப் படுத்துப் பார்த்தும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து கூடத்தில் உட்காருங்கள், போனைத் தொடாதீர்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது மனதுக்குள் நான்கு எண்ணிக்கை, விடும்போது ஆறு எண்ணிக்கை. இழுக்கும்போது “இயேசுவே”, விடும்போது “என்னோடிரும்”. ஐந்து நிமிடம் போதும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும், உடம்பு அடங்கும். ஜெபமாலை சொல்லிப் பழக்கம் இருந்தால் ஒரு பத்து மணி மெதுவாக உருட்டினாலும் இதே பலன். முழு இரவு ஜெபத்துக்கு இந்த மூன்று மாதம் போக வேண்டாம். தூக்கம் கெட்டால் மாத்திரையும் தோற்கும்.

பாட்டு உள்ளே அசைக்கவில்லை என்றாலும் பாடுங்கள். மனச்சோர்வில் ஆசை வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் ஆசை வராது. செய்யத் தொடங்கிச் சில வாரம் கழித்துத்தான் பின்னாலேயே வரும். எஞ்சினைத் தள்ளி விட்டு ஸ்டார்ட் செய்வதுபோலத்தான். ஆகவே தினமும் காலையில் இருபது நிமிடம் வாய்க்கால் கரையில் பக்கத்து வீட்டுக்காரரோடு நடை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பின்வரிசையிலாவது உட்காருவது. வாரத்தில் ஒரு நாள் அக்காவோடு போனில் பேசுவது. நன்றி சொல்லும் பழக்கமும் நல்லதுதான், ஆனால் ‘எல்லாவற்றுக்கும் நன்றி’ என்று மொத்தமாகச் சொல்வதில் பயன் குறைவு. இன்றைக்கு நடந்த ஒன்றை மட்டும் குறிப்பாகச் சொல்லுங்கள்: மாடு இரண்டாம் வேளையும் பால் கொடுத்தது, மகள் போன் செய்தாள். மகிழ்ச்சி திரும்பும்போது பெரிதாக வராது. காப்பியின் கசப்பு நாக்கில் தெரியும், ஒருநாள் ஐந்து மணி வரை தூங்கியிருப்பீர்கள். தினமும் எழுந்ததும் ‘இன்னைக்கு வந்துச்சா’ என்று சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

கடனும் காணிக்கையும்

சமாதானம் வேண்டும் என்று ஜெபிக்கிறவர் கடன் பட்டியலைத் திறந்து பார்க்காமல் இருப்பது நடக்கிற விஷயம்தான், ஆனால் பயம் இருட்டில்தான் பெருகும். ஒரே தாளில் நான்கு கடனையும் எழுதுங்கள்: யாரிடம், அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அடகு என்ன, அடுத்த தேதி என்ன. குழுக் கடனில் உங்களுக்கு உரிமைகள் உண்டு. ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதிப்படி குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி அவர்கள் கடன் கொடுக்கக் கூடாது. வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைத்துத் தொந்தரவு செய்யக் கூடாது. திட்டுவதும் மிரட்டுவதும் கூடாது. முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு எண் 14448. வெளிவட்டிக்காரர் மிரட்டினால் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். கூட்டுறவு சங்கத்தில் தவணை நீட்டிக்க வழியிருக்கிறதா என்று செயலாளரிடம் நேரில் கேளுங்கள். பயிர்ச்சேத நிவாரணம், காப்பீட்டுக்கு அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிப் புத்தக நகல்களைத் தயாராக வையுங்கள். குத்தகை நிலத்துக்கு அடங்கலில் யார் பெயர் ஏறியிருக்கிறது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களைப் போன்றவர்களுக்கு நிவாரணம் நழுவுவது பெரும்பாலும் அங்கேதான்.

கடனாளியாக இருப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தில் ஜனங்கள், பஞ்சத்தில் தானியம் வாங்க நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்தோம் என்று கூக்குரலிடுகிறார்கள். நெகேமியா அவர்களை விசுவாசம் போதவில்லை என்று சொல்லவில்லை. கோபம் கொண்டு, வட்டி வாங்கினவர்களைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்க வைத்தார். கடன்காரன் பிள்ளைகளைப் பிடிக்க வந்த அந்த விதவையும் எலிசா தீர்க்கதரிசி சொன்னபடி, எண்ணெய் வார்ப்பதற்கு அக்கம்பக்கத்தில் போய் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அதாவது தெருவுக்கே தன் நிலைமை தெரியும்படி செய்தாள். உங்கள் பங்குக் கோயிலில் வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால் மகளின் படிப்புச் செலவுக்குக் கேளுங்கள். அது இப்படிப்பட்ட உதவிக்காகவே இருக்கும் சபை.

காணிக்கை 10,000 ரூபாயைக் கடன் வாங்கிக் கொடுக்க வேண்டாம். ஒருவனுக்கு உள்ளதன்படியே கொடுப்பது ஏற்றுக்கொள்ளப்படும், இல்லாததன்படி அல்ல என்று பவுல் 2 கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். அடுத்த அதிகாரத்தில் கட்டாயத்தினால் கொடுக்க வேண்டாம் என்கிறார். விதைத்தால் நூறு மடங்கு என்று மேடையில் சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் வாசிப்பதில்லை. பொருத்தனை செய்துவிட்டோமே என்ற பயம் உறுத்தினால் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். தனிப்பட்ட பொருத்தனையிலிருந்து தம் பங்கு மக்களை விடுவிக்க, தகுந்த காரணம் இருந்தால், அவருக்குத் திருச்சபைச் சட்டப்படி அதிகாரம் இருக்கிறது. வேறொரு நற்செயலாக மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. அடுத்த தெருவில் தனியாக இருக்கும் ஒரு கிழவிக்கு வாரம் ஒரு வேளை சோறு கொடுங்கள், நல்ல காணிக்கை.

வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போகலாமா என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முன்பு கூட்டத்தோடு நடப்பது மனதுக்கு நல்லதுதான். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, பாதத்தில் மரப்பு இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்துச் சொன்னால் போங்கள், செருப்போடு நடங்கள். இல்லையென்றால் பஸ்ஸில் போனாலும் மாதா கோபிக்க மாட்டார்.

கணவரிடம் எப்படிப் பேசுவது

அவர் கோயிலுக்கு வராததை அவிசுவாசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கடன் கொடுத்தவரும் குத்தகை கேட்கிறவரும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, காணிக்கைத் தட்டு முன்னால் வரும்போது, ஓர் ஆணுக்கு அங்கே உட்காருவது கஷ்டம். “ஏன் பூசைக்கு வரல?” என்ற கேள்வியை ஒரு மாதத்துக்கு மூட்டைகட்டி வையுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, “எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வரலைங்க, உங்களுக்கும் அப்படித்தானா?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் எழுந்துபோகாதீர்கள். கடன் தாளை அவரோடு சேர்ந்து எழுதுங்கள், அவர் இல்லாமல் எழுதிக் காட்டினால் கணக்குக் கேட்பது போலாகிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் அவருக்கும் தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், மருத்துவரிடம் இருவருமே போகலாம். “எனக்குத் துணைக்கு வாங்க” என்று கூப்பிட்டால் வந்துவிடுவார்.

ஜெபக்கூட்டமும் தோழியும்

அந்தத் தோழி கெட்டவர் இல்லை. உங்களை வீட்டைவிட்டு வெளியே அழைத்துப்போனவர் அவர் ஒருவர்தான். எல்லாவற்றையும் இழந்து கிடந்த யோபின் நண்பர்கள்கூட முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்ல நண்பர்கள்தான். பேச ஆரம்பித்த பிறகுதான் தொல்லை. கடைசியில் தேவன் யாரைக் கடிந்துகொண்டார்? யோபை அல்ல, விளக்கம் சொன்ன நண்பர்களை. தோழியோடு சிநேகத்தை வைத்துக்கொள்ளுங்கள். மருந்து, உபவாசம், பணம் மூன்றிலும் அவர் ஆலோசனை வேண்டாம். டெல்டாவில் ஒரே வீட்டில் பூசைக்குப் போகிறவரும் ஆராதனைக்குப் போகிறவரும் இருப்பது சகஜம். எங்கே போனாலும் சரி, உங்கள் நிலைமையை வெளியில் பரப்பாத, மருத்துவரிடம் போவதைத் தடுக்காத, பணம் கேட்காத ஒரு குருவானவரோ போதகரோ கன்னியரோ ஒருவர் வேண்டும். முதல் சந்திப்பிலேயே, “நான் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுறேன்” என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதில் பாதி தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சாட்சி சொல்ல எழுப்பினால், எல்லாம் நன்றாகிவிட்டது என்று சொல்ல வேண்டாம். “இன்னும் கஷ்டத்துலதான் இருக்கேன். டாக்டர்கிட்ட போய்க்கிட்டிருக்கேன். எனக்காக வேண்டிக்கோங்க” என்று மூன்று வரி சொல்லிவிட்டு உட்காருங்கள். அதற்குமேல் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு விளக்கம் கேட்டால், மாடு கறக்க நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிடலாம்.